60 நானோ வினாடி: ஒளியை முந்தியதாகத் தெரிந்த நியூட்ரினோக்கள்

2011 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை பிற்பகல். ஜெனீவாவை ஒட்டியிருக்கும் செர்ன் ஆய்வகத்தின் அரங்கில் டாரியோ ஆட்டியேரோ என்ற இயற்பியலாளர் பேசினார். பேச்சில் பெரும்பகுதி கேபிள்கள், கடிகாரங்கள், ஜிபிஎஸ், நில அளவை பற்றித்தான். ஆனால் எல்லோரும் காத்திருந்தது ஒரே ஓர் எண்ணுக்காக: 60.7 நானோ வினாடி. செர்னில் புறப்பட்டு இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கு அடியில் போய்ச் சேர்ந்த நியூட்ரினோக்கள் (மின்னூட்டம் இல்லாத, எதனோடும் அரிதாகவே மோதும் நுண்துகள்கள்), அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரத்தைவிட அவ்வளவு சீக்கிரமாக வந்துவிட்டன என்றது அவருடைய ஓபரா குழு.

ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒளி சுமார் 30 சென்டிமீட்டர் போகும். பள்ளிக்கூட ஸ்கேல் நீளம். அப்படியானால் 60 நானோ வினாடி என்பது 18 மீட்டர். 730 கிலோமீட்டர் ஓட்டத்தில் நியூட்ரினோ ஒளியை 18 மீட்டர் முந்தியிருக்கிறது. வேகக் கணக்கில் சொன்னால் ஒளியைவிட வினாடிக்கு சுமார் 7.4 கிலோமீட்டர் அதிகம். சர்வதேச விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றும் வேகம்கூட இதைவிடச் சற்று அதிகம். ஒளியின் வேகமான வினாடிக்கு 2,99,792 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான்.

ஒளி வேகத்தை நெருங்கினால் என்ன ஆகும், தாண்டினால் என்ன ஆகும் என்று யார் கேட்டாலும் நான் இந்த நிகழ்வைத்தான் எடுத்துச் சொல்வேன். கற்பனை ராக்கெட் எதுவும் தேவையில்லை. தாண்டிவிட்டது என்று ஓர் அளவீடு உண்மையாகவே சொன்னது. தாண்டியிருந்தால் இன்னின்ன நடந்திருக்க வேண்டுமே என்று மற்றவர்கள் ஒவ்வொன்றாகத் தேடிப் போனார்கள்.

நெருங்கும்போது நடப்பது

நெருங்கும்போது நடப்பதில் ஊகம் எதுவும் இல்லை. 1964-இல் எம்ஐடியில் வில்லியம் பெர்டோஸி செய்த சோதனை அவ்வளவு நேரடியானது. எலெக்ட்ரான்களுக்கு மேலும் மேலும் ஆற்றலைக் கொடுத்து, 8.4 மீட்டர் தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடக்கின்றன என்று அளந்தார். நியூட்டன் கணக்குப்படி 15 மெகா எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் பெற்ற எலெக்ட்ரான் ஒளியைப்போல ஏழரை மடங்கு வேகத்தில் பாய வேண்டும். பாயவில்லை. ஒளி வேகத்துக்குப் பக்கத்தில் வந்து அங்கேயே நின்றுவிட்டது. கொடுத்த ஆற்றல் நிஜமாகவே எலெக்ட்ரானுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வருமல்லவா? அதற்காக ஓட்டத்தின் முடிவில் ஓர் அலுமினியத் தகட்டை வைத்து, அது எவ்வளவு சூடாகிறது என்றும் பார்த்தார். சூடு கணக்குப்படி ஏறியிருந்தது. ஆற்றல் ஏறிக்கொண்டே போகிறது, வேகம் மட்டும் ஏற மறுக்கிறது.

ஒளி வேகத்தில் 90 சதவீதத்தை எட்டிய பொருளின் மொத்த ஆற்றல், அது சும்மா இருக்கும்போது உள்ளதைப்போல 2.3 மடங்கு. 99 சதவீதத்தில் 7 மடங்கு. 99.99 சதவீதத்தில் 70 மடங்கு. நூறைத் தொட எல்லையில்லாத ஆற்றல் வேண்டும். கூடவே காலமும் நீளும். எலெக்ட்ரானின் கனமான உறவுத் துகள் மியூயான். நின்றிருக்கும் மியூயான் சராசரியாக 2.2 மைக்ரோ வினாடியில் சிதைந்துவிடும். 1970-களில் செர்னின் சேமிப்பு வளையத்தில் ஒளி வேகத்தின் 99.94 சதவீதத்தில் சுற்றியபோது அதே மியூயானின் ஆயுள் 64 மைக்ரோ வினாடிக்கு மேல் நீண்டது.

நியூட்ரினோவுக்கும் நிறை உண்டு, மிகமிகக் கொஞ்சம். ஒரு எலெக்ட்ரான் வோல்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம் (துகளின் நிறையையும் இதே அலகில் சொல்வதுண்டு). செர்ன் அனுப்பிய நியூட்ரினோவின் சராசரி ஆற்றல் 17 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். இந்த இரண்டையும் போட்டுக் கணக்கிட்டால், 730 கிலோமீட்டர் ஓடிய பிறகும் அது ஒளிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு புரோட்டானின் அகலம் அளவுக்குத்தான் பிந்தியிருக்கும். எந்தக் கருவியாலும் அளக்க முடியாத பிந்தல். ஆகவே எதிர்பார்த்த விடை பூஜ்யம். கிடைத்ததோ 18 மீட்டர் முந்தல்.

அளந்த விதம்

ஓபரா வேகத்தை அளப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. மியூயான் வகை நியூட்ரினோ போகிற வழியில் டாவ் வகையாக மாறுகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அதற்காக ஈயத் தகடுகளையும் புகைப்பட ஃபிலிம் போன்ற படலங்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றும் 8.3 கிலோ எடையில் சுமார் 1,50,000 கற்கள் செய்து மலைக்கடியில் சுவர் சுவராக நிறுத்தியிருந்தார்கள்.

செர்னில் 400 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்கள் கிராஃபைட்டில் மோதும். அதில் பிறக்கும் பையான், கேயான் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயில் பறந்தபடியே சிதைந்து நியூட்ரினோக்களைத் தரும். அப்புறம் வழி முழுக்கப் பாறைதான், சுரங்கம் கிடையாது. நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு தடையே இல்லை. கிரான் சாஸ்ஸோ கூடத்துக்கு மேலே 1,400 மீட்டர் பாறை வேண்டியிருப்பது, வானத்திலிருந்து கொட்டும் மியூயான்களை வடிகட்டுவதற்காக. (இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்காகத் தேனி பொட்டிபுரத்தில் மலையைக் குடையத் திட்டமிட்டதற்கும் இதே காரணம்தான்.)

தூரத்தை 20 சென்டிமீட்டர் பிழைக்குள் அளந்தார்கள். ஆய்வகம் நெடுஞ்சாலைச் சுரங்கத்தை ஒட்டி மலைக்குள் இருக்கிறது. எனவே சுரங்கத்தின் இரண்டு வாயில்களிலும் ஜிபிஎஸ் புள்ளிகளைக் குறித்து, அங்கிருந்து உள்ளே கூடம் வரை நில அளவைக் கருவியோடு போனார்கள். 2009 ஏப்ரல் 6 அன்று லாக்விலாவை உலுக்கிய நிலநடுக்கத்தில் அந்த இடம் சுமார் 7 சென்டிமீட்டர் நகர்ந்தது அவர்களுடைய அளவீட்டில் அப்படியே தெரிந்தது. நேரத்துக்கு இரண்டு முனையிலும் ஒரே மாதிரியான ஜிபிஎஸ் ஏற்பிகள், சீசியம் அணுக்கடிகாரங்கள். இரண்டு முனைக் கடிகாரங்களின் ஒத்திசைவை சுவிட்சர்லாந்து, ஜெர்மனி நாடுகளின் தேசிய அளவியல் நிறுவனங்கள் சரிபார்த்தன. இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டவர்களை அவசரக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த முறையில் கண்ணுக்குத் தெரிந்த ஒரு பலவீனம் இருந்தது. ஒவ்வொரு புரோட்டான் துடிப்பும் 10.5 மைக்ரோ வினாடி நீளம். முந்தியதாகச் சொல்லப்பட்ட நேரத்தைவிட அது 170 மடங்கு அதிகம். எந்தப் புரோட்டானிலிருந்து எந்த நியூட்ரினோ வந்தது என்று சொல்ல வழியில்லை. எனவே மூன்று ஆண்டுகளில் சேர்ந்த சுமார் 16,000 நியூட்ரினோக்களின் வருகை நேரங்களைத் துடிப்பின் வடிவத்தோடு பொருத்தித்தான் அந்த 60.7-ஐப் பெற்றார்கள். பொருத்தியதில் கோளாறாக இருக்கலாம் என்று பலர் நினைத்தார்கள், நியாயமான சந்தேகம். அதைத் தீர்க்க 2011 அக்டோபர், நவம்பரில் செர்ன் 3 நானோ வினாடி அகலமே உள்ள குறுந்துடிப்புகளை அனுப்பியது. இம்முறை 20 நியூட்ரினோக்கள்தான் சிக்கின, ஆனால் 20-ஐயும் தனித்தனியாகக் கணக்கிட முடிந்தது. விடை 62.1 நானோ வினாடி. பொருத்தலில் கோளாறில்லை என்று ஆனது.

ஆனால் கிரான் சாஸ்ஸோவில் கடிகாரம் அதே கடிகாரம், கேபிளும் அதே கேபிள்.

தாண்டியிருந்தால்

முதலில் காரண காரியச் சிக்கலைப் பார்ப்போம். ஒளியை முந்தும் எதுவும், போதுமான வேகத்தில் கூடவே ஓடும் வேறொருவரின் பார்வையில், புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். எவ்வளவு வேகத்தில் ஓடினால் போதும்? ஓபரா சொன்ன எண்ணுக்குக் கணக்குப் போட்டால் ஒளி வேகத்தின் 99.9975 சதவீதம். இதற்காக எங்கும் தேட வேண்டாம். நியூட்ரினோக்களை உண்டாக்கிய அதே 400 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான்கள் 99.9997 சதவீதத்தில் ஓடுகின்றன. ஒளியைவிட வினாடிக்கு 825 மீட்டர்தான் குறைவு. கிராஃபைட்டில் மோதாமல் நேராகப் போகும் ஒரு புரோட்டானின் மேல் உட்கார்ந்து பார்ப்பதாக வைத்துக்கொண்டால், கிரான் சாஸ்ஸோவில் நியூட்ரினோ பிடிபடுவது முதலிலும், செர்னில் அது பிறப்பது பிறகும் நடக்கும். 18 மீட்டர்தானே என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

சரி, காரண காரியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு டாக்கியான்களை எடுத்துக்கொள்வோம். ஒளியைவிட வேகமாக மட்டுமே ஓடக்கூடிய துகள்கள் இருக்கலாமே, ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு அதைத் தடுக்கவில்லையே என்று 1962-இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு எழுதியவர் ஈ. சி. ஜி. சுதர்சன். பின்னாளில், 1980-களில், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர். டாக்கியான் என்ற பெயரை 1967-இல் ஜெரால்ட் ஃபைன்பெர்க் வைத்தார். இந்தத் துகள்களின் குணம் தலைகீழானது: ஆற்றல் குறையக் குறைய வேகம் கூடும். நமக்கு ஒளி வேகம் மேல் எல்லை என்றால் அவற்றுக்கு அது கீழ் எல்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. சுதர்சனின் யோசனையில் எனக்குப் பிடித்ததே இந்தச் சமச்சீர்தான்.

ஓபராவின் நியூட்ரினோ இப்படிப்பட்ட எளிய டாக்கியான் என்றால், குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்கள் இன்னும் தலைதெறிக்க ஓட வேண்டும். இதைச் சோதிக்க இயற்கையே 1987-இல் ஓர் ஓட்டப்பந்தயம் நடத்தியிருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 23 அன்று, சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில் பெரிய மகெல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனிலிருந்து வந்த இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்று இடங்களின் கருவிகளில் பதிவாயின. ஒளி தெரிவதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னதாக அவை வந்தன. அதுவும் வேகத்தால் அல்ல. வெடிப்பின் அதிர்ச்சி அலை விண்மீனின் மேற்பரப்பை எட்டும்வரை ஒளி வெளியே வர முடியாது. நியூட்ரினோ உடனே கிளம்பிவிடும்.

ஓபரா சொன்ன அதே விகிதத்தில் அவை ஒளியை முந்தியிருந்தால் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக, 1982 இறுதியிலோ 1983 தொடக்கத்திலோ வந்திருக்கும். எளிய டாக்கியான் கணக்கென்றால் நிலைமை இன்னும் மோசம். அந்த நியூட்ரினோக்களின் ஆற்றல் 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவில்தான். ஒளியைப்போலப் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் பறந்து, மனிதன் பயிர் செய்யத் தொடங்குவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் முன்பே பூமியைக் கடந்து போயிருக்கும். உயர்ந்த ஆற்றலில் மட்டும் ஒளியை முந்துமோ என்று கேட்க இடமிருந்தது. ஆனால் ஓபரா தன் தரவையே குறைந்த ஆற்றல், கூடிய ஆற்றல் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

என்னைப் பொறுத்தவரை மிகவும் கூர்மையான கேள்வியை எழுப்பியவர்கள் ஆண்ட்ரூ கோஹன், ஷெல்டன் கிளாஷோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள். அணு உலைக் குளங்களின் நீல ஒளியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் ஒளி வினாடிக்கு சுமார் 2,25,000 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். அதைவிட வேகமாக ஓடும் எலெக்ட்ரான்கள் போகிற போக்கில் ஒளியைச் சிந்திக்கொண்டே போகும். அதுதான் செரன்கோவ் ஒளி. இதே போல, வெற்றிடத்தின் ஒளி வேகத்தை முந்தும் நியூட்ரினோ, எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் சேர்ந்த இணைகளைச் சிந்திச் சிந்தித் தன் ஆற்றலை இழக்க வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள். 730 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது சுமார் 12.5 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றலுள்ள நியூட்ரினோ ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஆனால் கிரான் சாஸ்ஸோவில் 40 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரினோக்கள்கூடப் பதிவாகிக்கொண்டிருந்தன. அதே மலைக்கடியில் திரவ ஆர்கானோடு இயங்கிய இகாரஸ் குழு 2011 அக்டோபரிலேயே தன் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, ஆற்றல் இழப்புக்கான அடையாளமே இல்லை என்று அறிவித்தது. கடிகாரத்தைத் தொடாமலேயே கிடைத்த விடை இது.

ஒரு கனெக்டர்

மலைக்கு வெளியே உள்ள ஆய்வகத்தில் ஜிபிஎஸ் நேரம் வாங்கப்பட்டு, 8.3 கிலோமீட்டர் நீள ஆப்டிகல் ஃபைபர் வழியாக மலைக்குள் இருக்கும் ஓபராவின் பிரதான கடிகாரத்துக்குப் போகும். ஒவ்வொரு மில்லி வினாடிக்கும் ஓர் ஒளித்துடிப்பு. ஃபைபரைக் கடக்க அதற்கு ஆகும் சுமார் 41 மைக்ரோ வினாடியை ஏற்கெனவே அளந்து கணக்கில் கழித்திருந்தார்கள். ஃபைபரின் முனையை ஒரு சின்னத் திருகு கனெக்டர் கடிகாரத்தோடு சேர்க்கிறது. அந்தக் கனெக்டர் கடைசிவரை திருகப்படவில்லை.

துடிப்பு வராமல் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். துடிப்பு வந்தது, மங்கலாக வந்தது. உள்ளே ஒளியை மின்சாரமாக மாற்றும் ஃபோட்டோ டயோடு இருக்கிறது. மின்னூட்டம் ஒரு குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் கடிகாரத்துக்குச் சைகை போகும். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் குடம் நிரம்ப நேரமாகும் அல்லவா, அதே கதைதான். குறைந்த ஒளியில் அந்த அளவை எட்ட 73 நானோ வினாடி கூடுதலாக ஆனது. அவ்வளவு நேரம் கடிகாரம் பின்தங்கியது. வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடினால் பத்து மணிக்கு வரும் விருந்தாளி 9.55-க்கே வந்துவிட்டதாகத்தான் தெரியும்.

இன்னொரு கோளாறும் இருந்தது. பிரதான கடிகாரத்துக்குள் நேரத்தை எண்ணுவதற்கான துடிப்புகளைத் தரும் அலையியற்றி சற்று வேகமாக ஓடியது. இதன் விளைவு எதிர்த்திசையில், நியூட்ரினோ சுமார் 15 நானோ வினாடி தாமதமாக வந்ததாகக் காட்டும். 73-இல் 15 போனால் 58. மீதியை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

2011 டிசம்பரில் ஃபைபரின் தாமதத்தை மறுபடி அளந்தபோதுதான் பழைய அளவோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. 2012 பிப்ரவரியில் இரண்டு கோளாறுகளும் வெளியே அறிவிக்கப்பட்டன. ஆனால் கனெக்டர் எப்போதிலிருந்து தளர்ந்திருந்தது? டிசம்பரில் தளர்ந்திருந்தது என்பதால் மூன்று ஆண்டுத் தரவும் தவறு என்று சொல்லிவிட முடியாதே.

விடை பக்கத்துக் கூடத்தில் இருந்தது. ஓபராவிலிருந்து சுமார் 160 மீட்டர் தள்ளி எல்விடி என்ற வேறொரு கருவி, விண்மீன் வெடிப்பு நியூட்ரினோக்களுக்காகக் காத்திருந்தது. மலைக்கடியில் மியூயான்கள் பெரும்பாலும் மேலிருந்துதான் வரும். ஆனால் டெராமோ நகரம் இருக்கும் திசையில் பாறை மெலிந்திருப்பதால், அபூர்வமாக ஒரு மியூயான் ஏறக்குறையக் கிடைமட்டமாக நுழைந்து இரண்டு கருவிகளையும் துளைத்துப் போகும். 2007 முதல் 2012 வரை அப்படிச் சேர்ந்தவை 306. ஒவ்வொன்றும் இரண்டு கடிகாரங்களையும் ஒத்துப் பார்க்க வானம் அனுப்பிய ஆள் மாதிரி. அவற்றை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தியபோது படி போல ஒரு தாவல் தெரிந்தது: 2008 நடுப்பகுதியிலிருந்து 2011 இறுதிவரை ஓபராவின் கடிகாரம் எல்விடியிலிருந்து 73 நானோ வினாடி விலகியிருந்தது. அதற்கு முன்பும் பின்பும் அந்த விலகல் இல்லை. 2009 முதல் 2011 வரையிலான வேகத் தரவு முழுவதும் அந்தப் படிக்குள் அடங்கியிருந்தது.

அந்த மியூயான் பதிவுகள் செப்டம்பர் மாத அறிவிப்பின்போதே இரண்டு குழுக்களின் வட்டுகளிலும் கிடந்தன. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வலிக்கும் இடம் இதுதான்.

அதன் பிறகு

2012 மார்ச் 16 அன்று இகாரஸ் குழு, அதே குறுந்துடிப்புகளில் தாங்கள் பிடித்த 7 நியூட்ரினோக்களின் வேகத்தை வெளியிட்டது. ஒளியோடு சரியாகப் பொருந்தியது. மார்ச் 30 அன்று ஓபராவின் செய்தித் தொடர்பாளர் அந்தோனியோ எரெடிடாட்டோவும் ஆட்டியேரோவும் பதவி விலகினார்கள். குழுவுக்குள் நடந்த நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு தேவையான பெரும்பான்மையை எட்டாவிட்டாலும், தொடர முடியாத நிலை வந்திருந்தது.

மே மாதம் செர்ன் மறுபடி குறுந்துடிப்புகளை அனுப்ப, போரெக்ஸினோ, இகாரஸ், எல்விடி, ஓபரா என்று கிரான் சாஸ்ஸோவின் நான்கு கருவிகளும் அளந்தன. நான்கிலும் ஒளி வேகமே வந்தது. ஜூன் 8 அன்று கியோட்டோ மாநாட்டில் செர்னின் ஆய்வு இயக்குநர் செர்ஜியோ பெர்டோலூச்சி இதை அறிவித்தார். பழைய தரவையும் ஓபரா திருத்திக் கணக்கிட்டது. 60.7 இருந்த இடத்தில் இப்போது 6.5 நானோ வினாடி; புள்ளியியல் பிழை 7.4, கருவிப் பிழை 8-ஐ ஒட்டி. பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத எண்.

அவர்கள் வெளியிட்டிருக்கவே கூடாது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களுடைய கட்டுரைத் தலைப்பில் ஒளியை மிஞ்சியது என்ற பேச்சே கிடையாது, வேகத்தின் அளவீடு என்றுதான் இருக்கிறது. மற்றவர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். சோதித்ததால்தான் இத்தனையும் தெரியவந்தது. என் குறை ஒன்றுதான். தூரத்தை நிலநடுக்கம் வரை துருவியவர்கள், இணைப்பு நன்றாக இருந்த காலத்தில் அளந்த ஃபைபர் தாமதத்தை அறிவிப்புக்கு முந்தைய வாரம் மறுபடி ஒருமுறை அளந்திருக்க வேண்டும். ஆண்டுகள் கழித்து அளவுகள் மாறியிருக்குமா என்று கேட்க வேண்டிய பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது, முழுச் சோதனையையும் வெளி உலகத்தின் நேரத்தோடு கட்டிப்போட்ட அந்த ஒற்றைக் கம்பி.

ஓபரா 2012 இறுதிவரை செர்னின் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது. எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையில் முதல் டாவ் நியூட்ரினோ 2010-இலேயே தென்பட்டிருந்தது. 2015-இல் ஐந்தாவது. 2018-இல் வெளிவந்த இறுதி ஆய்வில் மொத்தம் பத்து. அந்தப் பத்தும், கனெக்டர் தளர்ந்திருந்த நாட்களில் வந்தவை உட்பட, அப்படியே செல்லும். ஈயக் கல்லுக்குள் பதிந்த தடத்துக்கு 73 நானோ வினாடி ஒரு பொருட்டில்லை.